கொட்டிவாக்கத்துச் சுவரில் ஒரு நீலக் கோடு

இசக்கியம்மாள் யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் ஊற்றினால், நுரை அடங்கும்வரை அவரை நிற்கவைத்து அளவு பார்ப்பாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் சுயம்புலிங்கம், "நீ கல்லாவுல உக்காந்தா ஒரு பய ஏமாத்த முடியாது" என்பார். அது பாராட்டா, கிண்டலா என்பதிலும் அவளுக்குச் சந்தேகம்தான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் வாசலுக்கு வந்தால், கடலோரக் கொட்டிவாக்கத்தில் கட்டிய புது வீட்டின் காம்பவுண்டுச் சுவரில் எவனோ நெஞ்சு உயரத்துக்கு நீலக் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட நேரம் அது. இடிக்கிற சுவரில் முதலில் கோடுதானே விழும்? பாதி வயதை வாடகை வீட்டில் கழித்துவிட்டுக் கட்டிய வீடு.

"யாரு தம்பி நீ? எந்த ஆபீஸ்?"

"ஆபீஸெல்லாம் இல்லைம்மா. ஸ்ரீவத்சன், மயிலாப்பூர். படம் வரையறவன். பூமி சூடாயிண்டே போறது, கடல் ஏறிண்டே வரும். அப்போ ஒரு புயலடிச்சா தண்ணி இதுவரைக்கும் நிக்கும். தெரு முழுக்கக் கோடு போட்டு ஃபோட்டோ எடுத்துக் கண்காட்சி வைக்கப்போறேன்."

"எந்த புரோக்கர் அனுப்புனான்? பயங்காட்டி வெலையக் கொறைக்கதுக்குத்தான?"

"நம்புங்கோம்மா."

நம்புங்கள் என்று சொன்ன எவரையும் அவள் அதுவரை நம்பியதில்லை. பையைத் திறந்து காட்டச் சொன்னாள். உள்ளே படங்கள். முட்டையிட மணலில்லாமல், கடலரிப்புக்காகக் கரையில் கொட்டிய கருங்கல்லில் முட்டிக்கொண்டு நிற்கும் ஆமை, அடையாறு முகத்துவாரத்தில் உட்கார இடமில்லாமல் சுற்றும் பறவைகள். நல்ல கைதான். ஆனால் நல்ல கையால் பொய்யையும் வரையலாமே!

"சரி, ஒங்க வீட்டுச் செவுத்துல எவ்வளவு ஒசரத்துல போட்டிருக்க?"

அவன் பிரஷ்ஷைப் பார்த்தான். "போடலை."

"ஏன், மயிலாப்பூருக்குத் தண்ணி வராதோ?"

"வரும். எங்காத்துலேர்ந்து கூப்பிடு தூரத்துல கடல்." குரல் இறங்கியது. "அப்பா கூடாதுன்னுட்டார். ஆத்தை விக்கறதுக்குப் பேசிண்டிருக்கார். கோட்டைப் பார்த்தா வாங்க வர்றவா ஓடிடுவாளாம்."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்."

இசக்கியம்மாள் கத்தவில்லை. கடைத்தெருவில் அவள் கண்ட பாடம் ஒன்றுதான். பொய்யை யாரும் மறைக்கமாட்டார்கள், அதைக் கூவித்தான் விற்பார்கள். மறைப்பதெல்லாம் உண்மையைத்தான்.

தெருக்கோடியில் கடல் சாதாரணமாகத்தான் கிடந்தது. ஆனாலும் அவளுக்குப் பயமாக இருந்தது, நிஜமான பயம்.

"அப்ப நெசமாத்தான் வருது" என்றாள். பிறகு தெருவில் யாராவது வருகிறார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அழிச்சிரு தம்பி. யாரும் பாக்கதுக்கு முன்ன அழிச்சிரு."