உப்பு ஏறிய ஐஸ்

கட்டிலுக்கு அடியில் வழிந்து கிடந்த தண்ணீரை அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தவர்கள் அவரையே திரும்பிப் பார்த்தார்கள். கட்டிலில் கிடந்தது அவருடைய மனைவி. அன்று விடிகிற நேரத்தில்தான் கண்ணை மூடியிருந்தாள்.

“அத்தான், என்ன பண்றீங்க?” என்று கொழுந்தியாள் பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

“கரிக்குது,” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டார்.

பெண்டாட்டி பிணமாகக் கிடக்கும்போது வேலைக்குப் போகிற மனுஷனைப் பார் என்று தெரு பேசியது. தெருவுக்கென்ன, பேசுவதற்குக் காசா பணமா? ஐஸ் ஃபாக்டரியில் உப்புத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அந்தக் கரிப்பு என்ன என்று தெரியும்.

மகள் எங்கோ தூரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள். மறுநாள் காலையில்தான் வந்து சேர்வாள். “நான் வர்ற வரைக்கும் அம்மா முகத்த அப்படியே வெச்சிருங்கப்பா,” என்று போனில் கதறியிருந்தாள். வெயிலோ மண்டையைப் பிளந்தது. வாடகைக் குளிர்பெட்டி எதுவும் கிடைக்கவில்லை. முதலாளி நல்ல மனசோடு ஒரு வண்டி ஐஸ் அனுப்பிவைத்தார். மதியத்துக்குள் அது பாதியாகிவிட்டது.

ஃபாக்டரியின் தரைக்கு அடியில் நீளமான தொட்டி ஒன்று இருக்கிறது. அதிலிருக்கும் உப்புத் தண்ணீர், சாதாரணத் தண்ணீர் உறையும் குளிரையும் தாண்டிக் குளிரும். ஆனாலும் உறையாது, சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் வரிசையாக நிற்கும் தகர டின்களில் உள்ள நல்ல தண்ணீர்தான் கல்லாகும். கல்யாணமான புதிதில் இதை அவர் விளக்கியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சுத்தி இருக்கறவங்கள எல்லாம் உறைய வெச்சுட்டு, தான் மட்டும் ஓடியாடிட்டு இருக்குமா? அப்படியே உங்க அம்மாதான்.”

டின்னில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே கசிந்துவிடும். அந்த ஐஸும் பார்க்க ஐஸ் மாதிரிதான் இருக்கும். வெயிலில்தான் அதன் வண்டவாளம் தெரியும், மளமளவென்று உருகிப்போகும். ஓட்டை டின்களைக் கண்டுபிடித்து அடைப்பது அவர் வேலை. அவள் படுக்கையில் விழுந்த பிறகு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தார். டின்களை யாரும் தொடவில்லை. ஊருக்கெல்லாம் நல்ல ஐஸ் கொடுத்த கை. அவளுக்கு மட்டும் ஓட்டை டின் ஐஸ் போயிருக்கிறது.

கம்ப்ரெஸர் ஓட்டுகிறவர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். “அண்ணே, நீங்க எதுக்குண்ணே வந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொண்டுவந்திருப்பேனே.”

“எது ஓட்டைன்னு உனக்குத் தெரியாதுப்பா.”

ஒவ்வொரு டின்னாகத் தூக்கிக் கவிழ்த்தார். ஒவ்வொரு கட்டியையும் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். கரித்ததை ஒதுக்கினார். விரல் வெடிப்புகளில் உப்புத் தண்ணீர் இறங்கி எரிந்தது. எரியட்டும் என்று விட்டுவிட்டார். கண்ணாடி மாதிரி தெளிந்த கட்டிகளாகப் பார்த்து வண்டியில் ஏற்றியபோது வெயில் சாய்ந்திருந்தது.

கிளம்புகிற நேரத்தில் கால் தானாகக் கம்ப்ரெஸர் பக்கம் போனது. அங்கே சூடாக ஒரு பைப் போகும். தினமும் அதில் உள்ளங்கைகளைச் சூடுபண்ணிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார். ஆரம்பத்தில் ஒருநாள் வேலை முடிந்த கையோடு அவள் கழுத்தைத் தொட்டுவிட, “ஐயோ! என்ன கை இது!” என்று வீடே அதிரக் கத்தினாள். அன்றிலிருந்து வந்த பழக்கம். ‘அண்ணிக்கு இஸ்திரி போடறாரு’ என்று கம்ப்ரெஸர்காரர் கிண்டலடிப்பார். இன்று அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பைப்பை நோக்கி நீட்டிய கைகளை அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். சூடான கை இன்று அவளுக்கு ஆகாது. வண்டியில் ஏறி ஐஸ் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த ஐஸ் நின்றது. உருக உருக அவரே மாற்றினார், வேறு யாரையும் தொட விடவில்லை. கை விறைத்துக் கிடக்கும்போது மட்டும் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சக்காரர் என்று உறவில் யாரோ முணுமுணுத்தார்கள்.

காலையில் மகள் வந்தாள். அம்மாவின் முகம் அப்படியே இருந்தது, கோபித்துக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி. மகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள். பிறகு நிமிர்ந்து அப்பாவின் கைகளைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் உதறினாள்.

“ஐயோ! என்ன கைப்பா இது!”

அதே குரல். அதே கத்தல்.

“இன்னிக்குச் சூடு பண்ணிட்டு வரலம்மா,” என்றார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. மகளின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார்.