சம்பந்தி பேசிய ஸ்பானிஷ்

அன்று டில்லி முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பின் இரண்டாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் சிவஞானம், பாதுகாப்புக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி தங்கம். அவர்களுடைய ஒரே மகன் பிரதீப், மாட்ரிட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், விடுப்பில் வந்திருந்தான். தங்கத்தின் அண்ணன் ஜம்பு, கரோல்பாகிலிருந்து வந்தவர். பிரதீப் கட்டிக்கொள்ள விரும்பிய பெண் லூசியா. அவளுடைய தாய் பிலார், ஸ்பெயினில் சலமாங்கா என்ற ஊரில் பள்ளி ஆசிரியை, கணவரை இழந்தவர். பிறகு ஊரில் ஆளுக்கொன்றாகப் பேசியவர்களில் ஒருவர்கூட அந்தக் கூடத்தில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாசி மாதம். பிலாருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு பாஷை தெரியாது. பிரதீப் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொன்னால் காரியம் முடிந்துவிடும். அவனும் புறப்படும் முன்பே மாட்ரிட்டிலிருந்து போனில் அப்படித்தான் சொன்னான். சிவஞானம் ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். சம்பந்தம் பேசுகிற இடத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் வாய் திறப்பது அந்தக் குடும்பத்தில் கிடையாது. அவருக்குப் பெண் பேசியபோது அவர் அடுத்த அறையில் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவருடைய தகப்பனார்தான் பேசினார். மகன் தன் கல்யாணத்தைத் தானே தரகன் மாதிரி பேசி முடித்தான் என்ற பேர் தன் காலத்தில் வரக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

"அந்தம்மாகிட்ட அவங்க பாஷையிலயே நான் பேசிக்கறேன்" என்றார். "நீ அங்க உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது."

பேசுவதற்குப் பாஷை வேண்டுமே. முனிர்கா கிராமத்துச் சந்து ஒன்றில் வாடகை அறையில் தங்கி, பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மதுரைப் பெண் மீனாக்ஷியைத் தேடிப் பிடித்தார். அவள் மாலையில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தாள். அவர் நிமிர்ந்த முதுகோடு நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு எல்லா வினையையும் காலத்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி மாற்றுவதற்குள் தலை நரைத்துவிடும் என்றாள் மீனாக்ஷி. அதனால் நாலே வினையை எடுத்துக்கொண்டாள். முடியும் என்பதற்குப் புவேதோ, செய்வது கடமை என்பதற்குத் தேபோ, செய்தே ஆகவேண்டும் என்பதற்குத் தேங்கோ கே, எனக்கு வேண்டும் என்பதற்குக் கியேரோ. இந்த நாலை மட்டும் ஆளுக்கேற்ப மாற்றத் தெரிந்தால் போதும். அடுத்து வருகிற வினை அகராதியில் இருக்கிறபடியே அசையாமல் நிற்கும்.

"இந்த நாலை வச்சுக்கிட்டு ஒரு கல்யாணத்தையே முடிச்சிரலாம் சார்" என்று சிரித்தாள்.

தமிழில் வர முடியும் என்றால் அவர்கள் முடியும் வர என்கிறார்கள். அது பிடிபட்டதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. காலையில் பூங்காவில் நடக்கும்போது புவேதோ வெனீர், தேபோ வெனீர், தேங்கோ கே வெனீர் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கீழ்வீட்டு சர்தார்ஜி அது என்ன மந்திரம், நமக்கும் சொல்லுங்கள் என்று ஹிந்தியில் கேட்டார்.

நாலாவது வினையை மட்டும் அவர் பழகவில்லை. மீனாக்ஷி அதில் வாக்கியம் கேட்டால் தேபோவில் பதில் சொன்னார்.

"கியேரோவை மட்டும் ஏன் சார் முழுங்கறீங்க?"

மாப்பிள்ளை வீட்டுக்காரன் வேண்டும் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியாதா என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் கல்யாணத்தில் பெண் வீட்டார் ஸ்கூட்டருக்குக் கடையில் சொல்லிவைத்திருந்தார்கள். அவருடைய தகப்பனார் அதை வேண்டாமென்று திருப்பியவர். எங்களுக்கு இது வேண்டும் என்று பெண் வீட்டார் முன்னால் மூன்று தலைமுறையாக யாரும் வாய் திறந்ததில்லை. அந்த வார்த்தை தன் வாயிலும் வராது என்றார். அதையே பணிவாகச் சொல்ல கிசியேரா என்று ஒரு வடிவம் இருக்கிறது, அதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றாள் அவள்.

"மரியாதையாக் கேட்டாலும் கேக்கறது கேக்கறதுதாம்மா."

மீனாக்ஷி புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தாயும் மகளும் வந்தார்கள். தங்கம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாழைக்காய் வாங்கிவந்து பஜ்ஜி போட்டிருந்தாள், கேசரியும் கிண்டியிருந்தாள். பிலார் தன் கையால் பூவேலை செய்த மேஜை விரிப்பு ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். கறுப்பு உடுப்பு, கழுத்தில் மெல்லிய சங்கிலி. கும்பிடுகூட யாரிடமோ கேட்டுப் பழகிவந்திருந்தார். தகப்பன் இல்லாத வீட்டில் தாய்தானே பேசவேண்டும் என்று சிவஞானம் நினைத்தார். அந்த நிமிடமே அவருக்கு அந்த அம்மாள்மேல் மதிப்பு வந்துவிட்டது.

ஜம்புவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "பஜ்ஜி சொஜ்ஜிக்கு ஸ்பானிஷ்ல என்ன மாப்ள?" என்று கேட்டார். "நீங்க தின்னுங்க மச்சான், பேர் வேண்டாம்" என்றார் சிவஞானம்.

பேச்சு ஆரம்பித்தது. அவருக்குத் தெரிந்த அளவு எவ்வளவு என்று பிலாருக்கு உடனே புரிந்துவிட்டது. பள்ளி ஆசிரியை அல்லவா, அந்த அளவுக்குள்ளேயே சின்னச் சின்னதாகக் கேட்டார். லூசியா வேலைக்குப் போகலாமா? புவேதே, போகலாம் என்றார் இவர். அவள் தன் சாமியை விட்டுவிட வேண்டியிருக்குமா? நோ தியேனே கே, விடவேண்டிய அவசியம் இல்லை. பண்டிகைக்கெல்லாம் தாயைப் பார்க்க சலமாங்காவுக்கு வரலாமா? அதைக் கேட்கும்போது அந்த அம்மாளின் குரல் இறங்கியது. சிவஞானம் சற்று முன்னால் குனிந்து, வரலாம், வந்தே ஆகவேண்டும், தாயைப் பார்ப்பது கடமை என்று மூன்று வினையையும் போட்டுச் சொன்னார். பிலார் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். லூசியா தாயின் கையைப் பிடித்தாள். பிரதீப் சுவர் ஓரத்து நாற்காலியில் பேசாமல் இருந்தாலும் அவன் முகத்தில் வெளிச்சம் இருந்தது.

அத்தோடு சரி என்று சொல்லியிருக்கலாம். அவர் மனம் சரி என்று முடிவு கட்டியும் விட்டது. ஆனால் முதல் நாளே, எதிரே உட்காரவைத்து, சரி என்று பல்லைக் காட்டுவது பெரிய வீட்டு வழக்கம் இல்லை. கலந்து பேசி எழுதுகிறோம் என்று சொல்லி அனுப்பவேண்டும். நாலு நாள் கழித்து நல்ல நாள் பார்த்து, பழமும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு போய்ச் சொல்லவேண்டும். அவருடைய தகப்பனார் அப்படித்தான் செய்தார். அதற்காகவே மீனாக்ஷியிடம் இரண்டு வாக்கியம் கேட்டு மனப்பாடம் செய்திருந்தார். எதற்காக என்று அவளிடம் சொல்லவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, "தேனேமோஸ் கே ஆப்லார். தேபேமோஸ் எஸ்கிரிபீர்" என்றார். நாங்கள் பேசவேண்டியிருக்கிறது, எழுதவேண்டும் என்று அர்த்தம். உச்சரிப்பு பிசகவில்லை.

 பிலார் மகளைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார். பிலாரின் ஊரில் இப்படி ஒரு வழக்கம் இல்லை. பிரதீப்புக்கோ இந்த வழக்கத்தின் இன்னொரு முகம்தான் தெரியும். ஜம்புவின் மகள் மாலாவைப் பார்க்க கரோல்பாக் வீட்டுக்கு வந்து, பஜ்ஜி தின்று, எழுதுகிறோம் என்று சொல்லிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஒருவரும் எழுதியதில்லை. எழுதுகிறோம் என்றால் டில்லியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரே பொருள்தான். அவன் முகம் கறுத்துப்போனதைச் சிவஞானம் கவனிக்கவில்லை. அவர் அடுத்த கேள்வியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

பிலார் கேட்டார். ஒவ்வொரு வார்த்தையாக, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்திக் கேட்டார். "உஸ்தேத், கியேரே ஓ நோ கியேரே?" உங்களுக்கு என் மகள் வேண்டுமா, வேண்டாமா?

கேள்வி அவருக்கு முழுவதும் புரிந்தது. பதில் ஒரு வார்த்தை. ஜம்பு பார்த்துக்கொண்டிருந்தார், நாளைக்கே மலைமந்திர் கோயிலில் நாலு பேரிடம், பொண்ணு வேணும்னு மாப்ள கேட்டு வாங்கினார் என்று சொல்வார். சிவஞானம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேபேமோஸ் எஸ்கிரிபீர் என்று இன்னொரு தரம் சொன்னார்.

பிலார் எழுந்துவிட்டார். கும்பிட்டார். தட்டில் கேசரி அப்படியே இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது பிரதீப் முதல்முறையாகப் பேசினான். "அப்பா, உங்களுக்கு இஷ்டமா இல்லையா? தமிழ்லயே சொல்லுங்க. நான் அவங்களுக்கு ஒண்ணும் சொல்லலை, எனக்காகச் சொல்லுங்க."

"பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோம்ல. உன்னை வாயைத் திறக்க வேண்டாம்னேன்."

அவன் தலையை ஆட்டிவிட்டு, அவர்களைத் தங்குமிடத்தில் விட்டுவருவதாகத் தாயிடம் சொல்லி இறங்கிப் போனான். திரும்பி வந்து பெட்டியை அடுக்கினான். மறுநாள் பெட்டியோடு கிளம்பிவிட்டான்.

"பிடிச்சிருக்குன்னு சொன்னா என்னங்க குறைஞ்சிடும்?" என்று தங்கம் கேட்டாள். முறை என்று ஒன்று இருக்கிறது, பொறு என்றார் அவர். "நீங்களும் உங்க முறையும்" என்று சொல்லி அவள் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

வியாழக்கிழமை நல்ல நாள். சிவஞானம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, தங்கத்தோடு, பழத்தட்டும் ஒரு பட்டுப்புடவையும் எடுத்துக்கொண்டு சாணக்யபுரிப் பக்கம் அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு ஆட்டோவில் போனார். வழியெல்லாம் சொல்லவேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். விடுதி மேஜையில் இருந்தவன், அந்த மேம்சாப்கள் திங்கட்கிழமையே போய்விட்டார்கள், ஒரு பையன் வந்து கூட்டிப்போனான் என்றான். தங்கம் தட்டைப் பிடித்தபடி நின்றாள். ஆட்டோக்காரன் இன்னும் போகவில்லை, அதிலேயே திரும்பினார்கள்.

சித்திரையில் சலமாங்காவில் பதிவுக் கல்யாணம் நடந்தது. பிரதீப் தாய்க்குப் போன் செய்து சொன்னான். அப்பா விருப்பமில்லாமல் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தது போதும், இனி அவரைத் தொந்தரவு செய்யமாட்டேன் என்றானாம். பக்கத்தில் நின்ற சிவஞானத்திடம் தங்கம் ரிசீவரை நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. மகன் தானாகக் கேட்டால் பேசலாம் என்று நின்றார். அவன் கேட்கவில்லை. லைன் அறுந்தது.

இப்போது டில்லித் தமிழர்களிடையே ஒரு பேச்சு நடக்கிறது. சிவஞானம் அந்த வெள்ளைக்கார அம்மாளிடம் யூரோவில் வரதட்சிணையும் குர்காவ் பக்கம் ஒரு ஃபிளாட்டும் கேட்டார், அதனால்தான் அந்தம்மா கோபித்துக்கொண்டு எழுந்து போனார், பையனும் கூடவே போனான் என்கிறார்கள். அது பொய். அன்று அந்த வீட்டில் சிவஞானம் எதையும் கேட்கவில்லை.