இலையில் நிற்காத மருந்து

தேயிலைச் செடிகளுக்கு இடையில் முளைக்கிற அந்தப் பாழாய்ப்போன களைக்கு இலையெல்லாம் மெழுகு. சேம்பிலைத் தண்ணீர் மாதிரிதான். மருந்தை அடித்தால் முத்து முத்தாய்த் திரண்டு நிற்கும். மலைக்காற்று ஓர் ஆட்டு ஆட்டினால் அத்தனையும் உருண்டு மண்ணில் விழும். களை சாகாது. கங்காணி முனியாண்டி வந்து பார்த்துவிட்டு, "என்னா அடிச்சீங்க, பன்னீரா? மறுபடியும் அடிங்க!" என்று கத்துவார். மருந்தடிக்கிற பம்பை முதுகில் சுமக்கிற பெண்கள் அதே சரிவில் மறுபடியும் ஏற வேண்டும்.

அந்தப் பெண்களில் ஒருத்தி நவமணி. அவள் புருஷன் வேலப்பனுக்குப் தோம்பு என்கிற பெரிய பீப்பாயில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை. சாயந்திரம் அவள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்து, முதுகைச் சுவரில் சாய்த்து முனகுவதைப் பார்க்க அவனுக்குப் பொறுக்கவில்லை. எழுபத்தெட்டாம் வருஷம், மழை விட்ட ஒரு காலையில், துணி துவைக்கிற சவுக்காரத் தூளில் ஒரு பிடி அள்ளித் தோம்பில் போட்டுக் கலக்கினான்.

அட, என்ன மாயம்! திரண்டு நின்ற மருந்து இலை முழுக்க மெல்லிசாய்ப் படர்ந்தது. மேடு, பள்ளம், நரம்பு, சுருக்கம் ஒன்றையும் விடவில்லை. காற்று ஆட்ட ஆட்ட இன்னும் பரவியது. வாரக் கடைசியில் சரிவே கருகிக் கிடந்தது. கங்காணியே அவன் தோளில் தட்டிக் கொடுத்தார். நவமணிக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு மூளை இருக்குன்னு எனக்கு முன்னால களைக்குத் தெரிஞ்சிருச்சுலா," என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

அவள் பம்புக்கு மூடி சரியில்லை. அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் தளும்பும். கொஞ்ச நாள் கழித்துச் சொன்னாள்: "ஏங்க, முன்னெல்லாம் சிந்துனா சொட்டுச் சொட்டா ஓடிரும். இப்ப முதுகோட ஒட்டிக்கிட்டுப் பரவுது. நடக்க நடக்க இடுப்பு வரைக்கும் எறங்குது."

"இலையிலயும் அப்பிடித்தான் புள்ள நிக்கும்," என்றான் வேலப்பன். பாவி, பெருமையாய் வேறு சொன்னான்.

முதுகு முதலில் சிவந்தது. அப்புறம் தோல் உரிந்தது. பயந்துபோய் அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே வைத்தியம் பார்க்கிற டிரெசர் புதிதாய் வந்த மலாய்க்காரர், தமிழ் தெரியாது. முதுகில் என்ன பட்டது என்று மலாய் மொழியில் கேட்டார். வேலப்பனுக்குத் தெரிந்தது சந்தைக்குப் போதுமான மலாய். மருந்துக்கு அதில் ஊபாட் என்று பெயர். "ஊபாட் துவான், ஊபாட்," என்று மரியாதையாய்ச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. மருந்தடிக்கிற வேலை, மருந்துக் கொட்டகை, மருந்துத் தோம்பு என்றுதான் பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறான். டிரெசரோ, ஏதோ தைலம் தடவி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த ஊபாட்டை இனிமேல் தடவாதே என்று நவமணியிடம் விரலாட்டிவிட்டு, வெள்ளைக் களிம்பு கொடுத்து அனுப்பினார்.

அவள் களிம்பைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போனாள். அடுத்த வாரம் லயத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பிறகு உட்கார்ந்த இடத்திலேயே வாங்கியது. காய்கறி லோரியில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தவர் தமிழ் டாக்டர். முதுகைத் திருப்பிப் பார்த்ததுமே, "என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார்.

"மருந்தடிக்கிற வேலைங்கய்யா."

"மருந்தா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அது விஷம்ப்பா. நெஞ்சு வரைக்கும் போயிருச்சு. அதுக்கு மருந்து கிடையாது."

என்னத்தைச் சொல்ல! நவமணி கண்ணை மூடுகிற வரைக்கும் வேலப்பன் கட்டிலருகே நின்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சுக்கு ஏறி இறங்கிய அந்த முதுகில், தண்டெலும்பு, விலா, இடுக்கு ஒன்றையும் விடாமல் புண் படர்ந்திருந்தது. அந்தப் படர்வு அவனுக்குத் தெரிந்ததுதான். இலையில் பார்த்திருக்கிறான்.

கருமாதி முடிந்ததும் கங்காணி வாசலில் வந்து நின்றார். "கலக்க ஆளில்ல, வேலப்பா. லயத்து வீடு வேணும்னா வேலைக்கு வரணும்லா."

போனான். வீடு போனால் எங்கே போவது? சவுக்காரத் தூள் டப்பாவைத் தொடாமல் கலந்து கொடுத்தான். ஏன் என்று யாரிடமும் சொல்ல நாக்கு எழவில்லை. மருந்து பழையபடி உருண்டு விழுந்தது. களை சாகவில்லை. கங்காணி கத்தினார், பெண்கள் மறுபடியும் ஏறினார்கள்.

நவமணியின் பம்பு இப்போது அவளோடு மருந்தடித்த சரோஜாவுக்கு வந்திருந்தது. மறுபடியும் ஏறச் சொன்ன அன்று அவள் தோம்படியில் வந்து அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க சம்சாரத்துக்குன்னா சவுக்காரத்தப் பாத்துப் பாத்துப் போட்டீங்க. நாங்கன்னா எளப்பமாண்ணே?"

வேலப்பன் உடைந்துபோனான். "அந்தச் சவுக்காரந்தான் சரோஜா அவளக் கொன்னுச்சு. நான் போட்டதுதான். அதனாலதான் அவ மேல ஒட்டிக்கிட்டு வுடல. இது மருந்து இல்லம்மா, விஷம்."

சரோஜா நிமிர்ந்து சரிவைப் பார்த்தாள். அப்புறம், "ரெண்டு தடவ ஏற முதுகுல தெம்பில்லண்ணே," என்றாள்.

அவன் தூளை எடுக்கவில்லை. அவளே டப்பாவைத் திறந்து, ஒரு பிடி அள்ளித் தோம்பில் போட்டுக் கலக்கினாள். பம்பை நிரப்பி முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே நடந்தாள். அந்த மூடி இன்னமும் சரியாக மூடவில்லை.