நாளைக் கழிச்சுதான் லீவு

மீனலோசினி சங்கரன்கோவில்ல மாஜிஸ்ட்ரேட்டு. கொஞ்ச நாளா அவளுக்குச் சோறு எறங்கல, ஒடம்பு அனலாக் காயுது. ஞாயித்துக்கெழம காலையில அவ புருஷன் சிவகணேஷ் கடைத்தெருப் பக்கம் போயி, டாக்டர் நிர்மலாதேவி கையெழுத்துப் போட்ட சீட்டோட வந்து நின்னாரு. 'வைரஸ் காய்ச்சல், மூணு நாள் ஓய்வு'ன்னு எழுதியிருக்கு.

"லீவு லெட்டரோட இத ஜில்லா ஜட்ஜுக்கு அனுப்பிரு. மெடிக்கல் லீவு ஒன் கணக்குல சும்மாதான கெடக்கு."

"டாக்டர் என்னையப் பாக்கவே இல்லியே."

"நான் சொன்னேம்லா. ஏட்டி, ஒனக்குக் காய்ச்சல் இருக்கா இல்லியா?"

"இருக்கு. போன வாரம் துரைப்பாண்டின்னு ஒரு ஆளு வாய்தாவுக்கு வரல. வக்கீலு இதே டாக்டர் சீட்ட நீட்டுனாரு. ஆளப் பாக்காம எழுதுனதுன்னு தெரிஞ்சுது, தள்ளிட்டு வாரண்ட் போட்டேன். இப்ப நானே இத அனுப்பவா?"

"அவன் அக்யூஸ்ட். நீ ஜட்ஜு."

"காய்ச்சலுக்கு அது தெரியுமாக்கும்?"

சாதாச் சேலையக் கட்டிக்கிட்டு ஆட்டோவுல கிளினிக்குக்குப் போயிட்டா. டோக்கன் வாங்கி உக்காந்தா, பக்கத்துல ஒரு பொம்பள.

"லீவுச் சீட்டுக்கா தாயி? அதுக்குப் போயி காத்துக் கெடக்கியே. கம்பவுண்டர்ட்டச் சொன்னா வீட்டுக்கே வந்துரும்."

"ஒடம்பக் காட்டிட்டு வாங்கலாம்னுதான்."

"அதுவும் சரிதான். நான் காட்டாம வாங்கித்தான் மாட்டுனேன். எங்க வீட்டு ஆளு துரைப்பாண்டிக்கு நெசமாவே மஞ்சக்காமாலை. எந்திரிக்க முடியலன்னு சீட்ட மட்டும் வாங்கிக் குடுத்தேன். ஜட்ஜம்மா நம்பல, வாரண்டு. நாளைக்கு ஆளையே கொண்டு போயி நிறுத்தி மனு போடுதோம். அந்தம்மா வரணும். லீவு கீவு போட்டுச்சுன்னா வேற ஊரு கோர்ட்டுக்கு இழுத்துட்டு அலையணும். அவரு ஒடம்பு தாங்காது."

கேஸ்காரங்ககிட்ட வெளிய பேசக் கூடாது. மீனலோசினி எந்திரிச்சு தள்ளிப் போயி உக்காந்துட்டா.

"கோவமா தாயி"ன்னா துரைப்பாண்டி பொண்டாட்டி அன்னக்கிளி. மீனலோசினி டோக்கனப் பாத்துக்கிட்டிருந்தா.

நிர்மலாதேவி கண்ண இழுத்துப் பாத்தா, ரத்தம் எடுத்துப் பாத்தா. டாக்டர் மொகம் செத்துப் போச்சு.

"மேடம், இது காமாலை. மூணு நாளெல்லாம் பத்தாது. ஒரு மாசம் படுக்கணும். பழைய சீட்டக் கிழிச்சிருங்க."

"நாளைக் கழிச்சுலேர்ந்து எழுதுங்க."

"நாளைக்கு?"

"கோர்ட்டு இருக்கு."

"கோர்ட்டு என்னைக்கும்தான் இருக்கும். நாளைக்கு நீங்க உக்காரலாம்னு நான் எழுத மாட்டேன்."

"எழுதாண்டாம். உக்காந்துக்கிடுதேன்."

திங்கக்கெழம துரைப்பாண்டி பொண்டாட்டி தோளப் புடிச்சுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள வந்தான். ஜட்ஜு நாக்காலியப் பாத்த அன்னக்கிளி முந்தானையால மொகத்த மூடிக்கிட்டா.

மீனலோசினி ரெண்டு வக்கீலுக்கும் கேக்கும்படியாச் சொன்னா: "நேத்து கிளினிக்ல இந்தம்மா நான் யாருன்னு தெரியாம இந்தக் கேஸப் பத்திப் பேசுனாங்க. நான் பதில் சொல்லல. நான் இத விசாரிக்கதுல ஆட்சேபம் உண்டா?"

"இல்லம்மா"ன்னாரு சர்க்கார் வக்கீலு.

துரைப்பாண்டி வக்கீலும் இல்லன்னுட்டு, மனுவோட புதுசா ஒரு டாக்டர் சீட்ட நீட்டுனாரு.

"அது இருக்கட்டும். ஆள முன்னால வரச் சொல்லுங்க."

வந்தான். கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்கு. காலையில கண்ணாடியில பாத்த அதே மஞ்சள். வாரண்ட ரத்து பண்ணி, ஒரு மாசம் தள்ளி வாய்தா போட்டா.

"அன்னைக்கு நீங்க வருவியளா"ன்னு அன்னக்கிளி கேட்டுட்டா. வக்கீலு பதறிப் போயி அவளப் பாத்தாரு.

"டாக்டர் விட்டா வருவேன்"னு சொல்லிட்டு அடுத்த கேஸக் கூப்பிடச் சொன்னா.