ஹைல்விக்கை வைத்து அடைத்த சுவர்

தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி ஹைல்விக்கின் அறை இருந்தது. அதற்குக் கதவு கிடையாது. தவம் இருக்க அவள் உள்ளே போன அன்று சாவுப் பூசை வைத்து, நெற்றியில் சாம்பல் பூசி, வாசலைக் கல் வைத்துக் கட்டிவிட்டார்கள். கெண்ட் நகரத்தில் அப்படி உள்ளே போன பெண்கள் வேறு சிலரும் உண்டு. ஆனால், கல்யாணம் கட்டிக்கொள்ள இருந்தவனே வாசலை அடைத்தது இவளுக்கு மட்டும்தான்.

அவன் பெயர் வூட்டர். நல்ல கொத்தன். கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்பக்கூட வெளிய வந்துடலாம்" என்றான்.

"சாந்து காஞ்சுடப் போகுது. வை" என்றாள் அவள்.

நான் கோயில் முகப்பில் மெழுகுவத்தி விற்பவள். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அறைக்கு இரண்டு சின்னச் சன்னல்கள். ஒன்று பீடத்தைப் பார்த்தது, மற்றொன்று தெருவை. இரண்டிலும் கருப்புத் துணி தொங்கும். அவள் தங்கை மாபெலி தினமும் காலையில் ரொட்டியும் பட்டாணிக் கஞ்சியும் கொண்டுவருவாள். துணிக்கு அடியிலிருந்து கை மட்டும் நீளும், வாங்கிக்கொள்ளும். சற்று நேரத்தில் காலிக் கிண்ணம் திரும்பி வரும். அக்காவும் தங்கையும் ரகசியம் பேசுவதுபோல் ஏதோ பேசிக்கொள்வார்கள்.

வூட்டர் வருவது சனிக்கிழமைகளில். சன்னலுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வான். மணிக்கூண்டு உச்சியில் இருக்கும் செம்பு டிராகனுக்கு மறுபடி தங்கப்பூச்சு பூசியது, லெய் ஆற்றில் கட்டடக்கல் ஏற்றி வந்த படகு கவிழ்ந்தது என்று எல்லாம். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

இப்படியே பல வருஷம் போன பிறகு, நெசவாளர் சங்கத்துக்குத் தங்கள் புனிதருக்கென்று ஒரு சிற்றாலயம் கட்ட ஆசை வந்தது. வடக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. சங்கத் தலைவர் கில்லிஸ் எதையும் பேச அஞ்சாதவர்.

"அவளுக்குச் சாவுப் பூசையே ஆயிடுச்சே சாமி. செத்தவங்களுக்கு எதுக்குத் தனி வீடு?" என்று பாதிரியார் செர்வாஸிடம் கேட்டார்.

செர்வாஸ் சாமி பீடத்துச் சன்னலில் போய் ஹைல்விக்கிடமே கேட்டார். திரும்பி வந்து, "இடிக்கட்டும்னு சொல்லிட்டா" என்றார். எங்களுக்குப் பெரிய நிம்மதி. பெகின் சகோதரிகளின் மடத்தில் அவளுக்குப் படுக்கை தயாரானது. வேறு யாரும் அந்தச் சுவரைத் தொடக்கூடாது, நானே பிரிக்கிறேன் என்றான் வூட்டர்.

இடிக்கும் நாள் காலையிலும் மாபெலி ரொட்டி கொண்டுவந்தாள். கை நீண்டது, வாங்கியது. நானே என் கண்ணால் பார்த்தேன். அக்காவுக்குப் போர்த்த ஒரு கம்பளி மேலாடையை மாபெலி தோளில் போட்டிருந்தாள்.

தான் வைத்த கற்களை வூட்டர் ஒவ்வொன்றாக எடுத்தான். ஆள் நுழையும் அளவு வழி வந்ததும் உள்ளே வெளிச்சம் விழுந்தது. அவன் அசையாமல் நின்றான். அவன் தோளுக்கு மேலாக நானும் எட்டிப் பார்த்தேன்.

பலகையில், சுவரில் சாய்ந்தபடி, உடுப்புக்குள் எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது. தோளிலிருந்து சுவர்வரை நூலாம்படை. தரையில் தூசி கனமாகப் படிந்திருந்தது. அதில் ஒரு கால்தடம்கூட இல்லை. காலையில் கொடுத்த ரொட்டியும் இல்லை, கிண்ணமும் இல்லை.

"ஈஸ்டருக்கு நான் நன்மை அப்பம் குடுத்தேனே," என்றார் செர்வாஸ் சாமி. "நாக்கை நீட்டினாளே." கில்லிஸ் தொப்பியைக் கழற்றினார், திரும்பிப் போய்விட்டார்.

மாபெலி மட்டும் உள்ளே போனாள். கம்பளியை அந்தத் தோளில் போர்த்தினாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அடக்கம் முடிந்து அவளும் வூட்டரும் என் மெழுகுவத்திப் பலகைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"உன்கிட்டயாவது பேசினாளே," என்றான் அவன். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. நான்தான் பைத்தியம் மாதிரி சுவர்கிட்ட பேசிட்டு இருந்தேன்."

மாபெலி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பேசினதையெல்லாம் எனக்குச் சொல்லுவாளே. படகு கவிழ்ந்தது, உங்க விரல் நசுங்கினது, எல்லாம். சொல்லிட்டுச் சிரிப்பா."

"விரல் நசுங்கினது எப்ப சொன்னா?"

"போன வாரம்."

வூட்டர் கட்டுப்போட்டிருந்த விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்தது பயமா, வேறு ஏதாவதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சிற்றாலயம் எழும்பியது. வூட்டர் வேலையை விட்டு ஓடிவிடுவான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஓடவில்லை. ஹைல்விக்கின் அறைக் கற்களைத் தெருப்பக்கச் சுவரில் தன் கையாலேயே வைத்தான். நடுவில், கை நுழையும் அளவுக்கு ஒரு பொந்து விட்டான். அதற்குப் பின்னால் அறை இல்லை, சன்னல் இல்லை, கெட்டியான கல்தான்.

"இது எதுக்கு?" என்று கில்லிஸ் கேட்டார்.

"இருக்கட்டும்" என்றான்.

இப்போது அவனும் இல்லை. மாபெலி பெகின் மடத்தில் சேர்ந்துவிட்டாள். உறைபனிக் காலத்தில், சந்தைக்குப் போகிறவர்கள் அந்தப் பொந்தில் விரலை விட்டுச் சூடேற்றிக்கொள்கிறார்கள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வருகிறதாம். எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. எவ்வளவு குளிர்ந்தாலும் நான் என் கையை அதில் வைப்பதில்லை.