முழங்கால் முடி

கிரேன் டிரைவர் கஞ்சாவைத் தலைமுழுகி ஆறு மாசமாகிவிட்டது. ஆனாலும் புது வேலைக்கு முடியை வெட்டிச் சோதிப்பார்கள் என்றதும் பயந்துபோனார். எதற்கு வம்பு என்று சலூனில் மொட்டை போட்டுக்கொண்டு, கோட்டையைப் பிடித்தவர் மாதிரி லேப்பில் போய் உட்கார்ந்தார்.

நர்ஸ் சிரிக்கக்கூட இல்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். "பேண்ட்டை முழங்காலுக்கு மேல சுருட்டுங்க சார்."

"என்னம்மா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுறீங்க?"

"தலையில இல்லன்னா கால்ல எடுப்போம். ரத்தத்துல என்ன ஓடுதோ, அதை வாங்கிக்கிட்டுத்தான் எந்த முடியும் வளருது. தலைமுடியில கடைசி மூணு மாசந்தான் பார்ப்போம். கால்முடி மெதுவா வளரும், சீக்கிரம் உதிராது. ஒரு வருஷத்துப் பழசுகூட அதுல தெரியலாம்."

டிரைவர் குனிந்து தன் காலையே பார்த்தார். பிறந்ததிலிருந்து கூட இருக்கிற கால். ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. அவரே மறந்துபோன புகையை, சீப்புகூடப் படாத இந்தப் பூனைமுடிகள் பொத்திப் பொத்தி வைத்திருந்தனவா! பயத்தையும் மீறி அவருக்கு மெய்சிலிர்த்தது. நர்ஸின் கத்தரிக்கு முன்னால் அத்தனை முடியும் எழுந்து நின்றது.

அவருக்காகச் சாட்சி சொல்லியிருக்கக்கூடிய சுத்தமான முடியெல்லாம் சலூன் குப்பைக்கூடையில் கிடந்தது.