திரவியத்தின் அட்டவணை

எங்கள் நகராட்சியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு வகுப்பாக (class) எழுதிவிடுவோம். எழுதியதும் அதற்குச் சொந்தமாக ஓர் அட்டவணை கிடைக்கும். தகப்பனுக்கு ஏற்கெனவே அட்டவணை இருந்தால் மட்டும் கிடைக்காது. அதிலேயே ஒரு வரியில் ஒடுங்கிக்கொள்ள வேண்டும். தாய்மார்கள் குணங்களைக் கொடுப்பார்கள், அட்டவணை வைத்துக்கொள்வதில்லை. தகப்பனுக்கு அட்டவணை உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்கும் நிரல் என் பொறுப்பில் இருக்கிறது.

பவுனுத்தாய் கைக்குழந்தையோடு வந்தாள்.

"இவனுக்கு அப்பா இல்லைன்னு எழுதிக்கோங்க சார். தனியா ஒண்ணு குடுத்திருங்க."

"நான் எழுதுறதில்லம்மா. அதுவே பாத்துக்கும்."

நிரலை ஓட்டினேன். 'உண்டு' என்றது. எண்ணெய் மில் திரவியத்தின் அட்டவணை. ஊருக்கே தெரிந்த சங்கதிதான். திரவியத்துக்குத் தாலி கட்டிய மனைவியும் தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். இந்தக் குழந்தையை அவர் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதே இல்ல சார். அவங்க நடுவுல இவன் எப்படி உக்காருவான்?"

நிரலிடம் அவளுக்காகப் பரிந்து பேசிப் பார்த்தேன். அது மசியவில்லை.

அந்த அட்டவணையில் மோட்டார் பைக், தாய்மாமன் சீர், மில்லில் பங்கு என்று மூத்த மகன்கள் இருவருக்கும் வேண்டிய கட்டங்கள் வரிசையாக இருந்தன. குழந்தையின் வரியில் அத்தனையும் காலி. அவனிடம் இருந்ததெல்லாம் அம்மா பாடும் தாலாட்டு ஒன்றுதான். அதற்கென்று புதிதாக ஒரு கட்டம் திறந்தேன். ஒரு வரியில் கட்டம் திறந்தால் எல்லா வரியிலும் திறந்துகொள்ளும்.

அன்றிலிருந்து மூத்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. தங்கள் வரியில் தாலாட்டுக் கட்டம் காலியாக இருப்பது உறுத்துகிறதாம். திரவியத்தின் மனைவி யோசித்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் பவுனுத்தாய் வீட்டுக்கே அனுப்பிவைத்தாள்.

ஞாயிறு மதியம் சான்றிதழைக் கொடுக்கப் போனேன். சேலைத் தொட்டிலில் மூத்தவன் மீசையும் கைக்கடிகாரமுமாகப் படுத்திருந்தான். கால்கள் வெளியே தொங்கின. இளையவன் பக்கத்தில் கொட்டாவி விட்டபடி காத்திருந்தான். பவுனுத்தாய் பாடிக்கொண்டே ஆட்டினாள். குழந்தை தரையில் கிடந்து அழுதது.

"இவனுக்கு எப்பம்மா பாடுவ?"

"அண்ணன்மாரு தூங்கட்டும் சார். இவன் சின்னவன்தான, பொறுத்துக்குவான்."

பாடிப் பாடி அவள் குரல் கம்மியிருந்தது. குழந்தையை நான் தூக்கி வைத்துக்கொண்டேன். அது அழுகையை நிறுத்தவில்லை.

வாசலில் திரவியம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் வரியிலும் அந்தக் கட்டம் காலிதான். என் கையிலிருந்த குழந்தையைத் தாண்டிப் போய் இளையவனுக்குப் பின்னால் நின்றார்.

பவுனுத்தாய் அவருடைய பருத்த உடம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொட்டில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.